கோஹர் தெருவும் என் கழுத்துத் தழும்பும்

பேர்ண் நகரில் பாராளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெரு இருக்கிறது. கோஹர்காசெ என்று பெயர்ப்பலகை சொல்லும். கொஞ்சம் தள்ளி ஒரு பூங்காவும் உண்டு, கோஹர் பார்க். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் பள்ளிக் காலத்தில் அந்தப் பூங்காவை ஆயிரம் தடவையாவது கடந்திருப்பேன். யார் இந்தக் கோஹர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்கள் அம்மா அப்பாமாருக்கும் தெரியாது. அவர்கள் வந்த காலத்தில் அகதி விண்ணப்பமும் உணவக வேலையும்தான் பெரிய கவலை, தெருப்பெயர் இல்லை.

ஆங்கில உச்சரிப்பில் அவரைக் கோச்சர் என்பவர்கள் உண்டு. பேர்ண்காரர் சொல்வதுபோலச் சொல்ல வேண்டுமென்றால் தொண்டையின் அடியில் இருந்து காற்றை உரசி எடுக்க வேண்டும். தொண்டைக்கும் அவருக்கும் உள்ள உறவு அதோடு நிற்கவில்லை. எமில் தியோடோர் கோஹர், 1841இல் இதே ஊரில் பிறந்தவர். 1909இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் சத்திரசிகிச்சை நிபுணர் அவர்தான். எதற்காகக் கொடுத்தார்கள்? தைரொய்ட் சுரப்பியைப் பற்றி அவர் கண்டுபிடித்தவற்றுக்காக. அவற்றுள் முக்கியமானது, அவர் தன் கையாலேயே செய்த ஒரு பெரிய தவறிலிருந்து வந்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

போன வருடம் என் தைரொய்டை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கட்டிகள் இருந்தன. ஊசி போட்டு எடுத்த மாதிரியைப் பார்த்தும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. எடுத்த பிறகு, பயப்பட ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த முடிவு வரும்வரைக்கும் இருந்த கிழமைகளில் நித்திரை வராத இரவுகளில் நான் வாசித்ததுதான் இந்தக் கட்டுரை. எனக்குத் தொழில் ஐ.ரி., படித்தது பொறியியல். ஒரு இயந்திரத்தில் ஒரு பாகத்தைக் கழற்றப் போகிறார்கள் என்றால், முன்பு கழற்றியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்காமல் இருக்க எனக்கு முடியாது.

முதலில் அந்தப் பாகம் என்ன என்று பார்ப்போம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சுரப்பி. நிறை 20 கிராம் அளவில்தான். உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிபொருளை எரிக்க வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், சூடு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எலும்பும் மூளையும் எப்படி வளர வேண்டும் என்பதையெல்லாம் அது சுரக்கும் ஹோர்மோன் தீர்மானிக்கிறது. அந்த ஹோர்மோனைச் செய்ய அயடீன் வேண்டும். சாப்பாட்டில் அயடீன் போதாவிட்டால் சுரப்பி இன்னும் கொஞ்சம் முயற்சி செய்து பார்ப்போம் என்று பெருத்துக்கொண்டே போகும். அந்த வீக்கத்துக்குத்தான் தமிழில் கழலை என்கிறோம்.

சுவிஸ் நாடு கழலை நாடு. இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். பனியுகத்தின் பனியாறுகள் மலைகளைச் சுரண்டி மேல்மண்ணைக் கொண்டுபோய்விட்டன. அந்த மண்ணோடு அயடீனும் போனது. கடலும் பக்கத்தில் இல்லை. நூறு வருடங்களுக்கு முன்புவரை இங்கே கிராமங்களில் கழலை இல்லாத கழுத்தைத் தேட வேண்டியிருந்தது. கழலை காரணமாகவே இராணுவத்துக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர் ஏராளம். கழலை மிக மோசமாக இருந்த பள்ளத்தாக்குகளில் பிறக்கும்போதே வளர்ச்சி குன்றி, காது கேளாமல், பேச்சு வராமல் பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அல்ப்ஸ் மலைப்பக்கத்துப் பெண்கள் பாரம்பரிய உடுப்போடு கழுத்தை இறுக்கிக் கட்டும் அகலமான பட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஜெர்மன் மொழியில் ‘கழலைப் பட்டி’ என்றே பெயர். வீக்கத்தையும் தழும்பையும் மறைக்கக் கட்டியது, பிறகு அலங்காரம் ஆகிவிட்டது. எனக்கு ஒப்பரேசன் முடிந்து ஒரு மாதத்தில் ஒரு மாமி வந்து, “கல்யாண வீடுகளுக்கு அகலமான அட்டியல் போட்டால் தெரியாது பிள்ளை” என்று சொன்னா. அவவுக்குத் தெரியாமலே ஒரு சுவிஸ் மரபைச் சொல்லிவிட்டா.

கழலை பெருத்து மூச்சுக்குழாயை நெரிக்கத் தொடங்கினால் மனிதர் மூச்சு முட்டிச் சாவார். அப்போது வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் வெட்டினாலும் சாவார். தைரொய்டுக்குள் ஓடும் இரத்தம் அதன் அளவுக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத அளவு அதிகம். 1866இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் சாமுவேல் குரோஸ், நேர்மையும் புத்தியும் உள்ள எந்த மருத்துவனும் இந்த வேலையில் கை வைக்க மாட்டான் என்ற பொருளில் எழுதினார். சூரிச்சில் பேராசிரியராக இருந்த தியோடோர் பில்றோத் 20 பேருக்கு இதைச் செய்தார். 8 பேர் இறந்தார்கள். பத்தில் நான்கு. பில்றோத் சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகத் துணிச்சலான கைகளில் ஒன்று அவருடையது. அவரே சில வருடங்கள் கழலை வேலையைக் கைவிட்டார்.

1872இல் கோஹர் பேர்ணில் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஆனார். வயது முப்பதோ முப்பத்தொன்றோ, என்னை விடச் சின்ன ஆள். (இங்கே ஒரு பக்கக் கதை. அதே 1872இல் யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில், சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் படிப்பித்துக்கொண்டிருந்தார். மனித உடற்கூறு பற்றிய பெரிய புத்தகம் ஒன்று தமிழில் அச்சாகி வந்த வருடமும் அதுதான். அதற்கு ஐந்து வருடம் முன்பே சத்திரசிகிச்சை பற்றி ‘இரண வைத்தியம்’ என்று ஒரு புத்தகம் தமிழில் இருந்தது. கோஹர் படிப்பித்த விடயங்களைத் தமிழில் படிக்க அப்போதே ஊரில் ஆட்கள் இருந்தார்கள். தமிழில் இதையெல்லாம் எழுத முடியுமா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.)

கோஹரின் வழி பொறுமை. அந்தக் காலத்தில் நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் வேகமாக வெட்டுபவர். மயக்க மருந்து வருவதற்கு முன் இருந்த பழக்கம் அது. கோஹர் மெதுவாக வெட்டினார். ஒவ்வொரு இரத்தக்குழாயையும் தேடி, பிடித்து, கட்டி, பிறகுதான் அறுத்தார். கிருமி வராமல் இருப்பதில் வெறி பிடித்த கவனம். பற்கள் உள்ள ஒரு இடுக்கியை வடிவமைத்தார், அது இன்றைக்கும் அவர் பெயரோடு உலகம் முழுக்க ஒப்பரேசன் அறைகளில் இருக்கிறது. கழுத்தின் மடிப்பை ஒட்டிக் கிடைக்கோடாக வெட்டும் வழக்கத்தையும் நிலைநிறுத்தினார். சட்டைக் கொலர் மாதிரி என்பதால் கொலர் வெட்டு என்பார்கள். என் கழுத்தில் இருப்பதும் அதுதான். தொடக்கத்தில் அவரிடம் எட்டில் ஒருவர் என்ற அளவில் இறந்தார்கள். 1917இல், தான் சாவதற்குக் கொஞ்சம் முன், ஏறத்தாழ 5,000 சத்திரசிகிச்சைகளின் கணக்கை அவர் சக மருத்துவர்களுக்குச் சொன்னபோது, இறந்தவர்கள் ஆயிரத்துக்கு ஐந்து பேர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது.

இந்த எண்களோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதை. முடியவில்லை.

1874 ஜனவரியில் மரி என்ற 11 வயதுச் சிறுமிக்குக் கோஹர் கழலையை எடுத்தார், சுரப்பியை முழுவதுமாக. நல்லபடியாக முடிந்தது, பிள்ளை வீட்டுக்குப் போனாள். சில மாதங்களில் அவளைப் பார்த்துவந்த கிராமத்து மருத்துவர் கோஹருக்கு ஒரு செய்தி அனுப்பினார். பிள்ளை மாறிவிட்டாள், முன்பு துடியாட்டமாக இருந்தவள் இப்போது மந்தமாகவும் சோம்பலாகவும் இருக்கிறாள், வேலை செய்ய வைப்பதே கஷ்டம் என்று. கோஹர் அதை அப்போது பின்தொடரவில்லை. காயம் ஆறிவிட்டது, பிள்ளை உயிரோடு இருக்கிறது. அந்தக் காலக் கணக்கில் அது வெற்றி.

எட்டு வருடங்கள் போயின. 1882 செப்டம்பரில் ஜெனீவாவில் ஒரு மாநாடு. அங்கே ஜெனீவாவின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜாக்-லூயி ரெவெர்டென் கோஹரிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: தைரொய்டை முழுதாக எடுத்தவர்களில் சிலர் சில மாதங்களில் வீங்கி, வெளிறி, மந்தமாகிப்போவதைத் தானும் தன் உறவினர் ஒகுஸ்தும் பார்த்திருப்பதாக. உங்களுக்கு அப்படி ஏதும்? கோஹருக்கு எட்டு வருடப் பழைய செய்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பேர்ணுக்குத் திரும்பியதும் அவர் செய்த வேலைதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி. பழைய நோயாளர்களுக்குக் கடிதம் எழுதி, வந்து காட்டச் சொன்னார். முழுச் சுரப்பியையும் எடுத்தவர்கள் 34 பேர். அவர்களில் 18 பேரைத் திரும்பவும் பரிசோதிக்க முடிந்தது. 16 பேர் மாறிப்போயிருந்தார்கள். முகமும் கைகளும் ஊதி, தோல் வரண்டு, முடி உதிர்ந்து, எப்போதும் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டு, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு.

மரியும் வந்தாள். அவளுக்கு ஒரு தங்கை. ஒப்பரேசனுக்கு முன் எடுத்த படத்தில் அக்காவையும் தங்கையையும் பிரித்துச் சொல்லவே கஷ்டம், அவ்வளவு ஒற்றுமை. ஒன்பது வருடங்களுக்குப் பிறகு தங்கை வளர்ந்து ஒரு அழகான இளம்பெண். அக்கா, 20 வயதில், சின்னப் பிள்ளையின் உயரத்திலேயே நின்றுவிட்டிருந்தாள். முகம் ஊதி, யோசனை மந்தமாகி. அந்தத் தங்கை மட்டும் இல்லாவிட்டால், “அந்தப் பிள்ளை அப்படித்தான்” என்று யாராவது சொல்லித் தப்பியிருக்கலாம். நாங்கள் ஒரு நிரலைச் சோதிக்கும்போது ஒரே ஒரு விடயத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும்படி பார்ப்போம். அந்த வீட்டில் அதுதான் நடந்திருந்தது, ஒரு பிள்ளையின் வாழ்க்கையில்.

1883 ஏப்ரலில் பெர்லினில் நடந்த ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர்களின் மாநாட்டில் கோஹர் எல்லாவற்றையும் சொன்னார். மரியின் கதையையும் சேர்த்து. புற்றுநோய் இல்லாத கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். ஒளித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவரை முழுதாகப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. முதலில் கவனித்துச் சொன்னவர் ரெவெர்டென். அவருக்குக் கொடுக்க வேண்டிய பெயரைக் கோஹர் போதிய அளவு கொடுக்கவில்லை. ரெவெர்டெனுக்கு அந்தக் கசப்பு கடைசிவரை இருந்தது. நோபல் பரிசும் தெருவும் பூங்காவும் ஒருவருக்கு மட்டும்.

இன்னொரு விசித்திரம். பில்றோத்தின் நோயாளர்களுக்கு இந்த மந்தம் அவ்வளவாக வரவில்லை. அவர்களுக்கு வேறொன்று வந்தது: கைகால்கள் முறுக்கி இழுக்கும் வலிப்பு. ஏன் இந்த வித்தியாசம் என்று அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹோல்ஸ்ரெட் யோசித்தார். அவர் இருவர் வேலை செய்வதையும் நேரில் பார்த்தவர். அவர் சொன்ன விளக்கம் இது. கோஹர் இரத்தமில்லாமல், துப்புரவாக, சுரப்பியின் கடைசித் துணுக்குவரை எடுப்பார்; பக்கத்தில் உள்ளவை தப்பும், தைரொய்ட் கொஞ்சமும் மிஞ்சாது. பில்றோத் வேகமாக, இரத்தத்துக்கு நடுவில் வெட்டுவார். தைரொய்டில் கொஞ்சம் மிஞ்சிவிடும், ஆனால் பக்கத்தில் இருந்த ஏதோ சேதமாகும். மரிக்குத் தீமை செய்தது கோஹரின் திறமைதான். கொஞ்சம் கவலையீனமாக வெட்டியிருந்தால் அவள் வளர்ந்திருப்பாள்.

கோஹருக்கே காரணம் முதலில் பிடிபடவில்லை. மூச்சுக்குழாய் பாதிக்கப்பட்டு இரத்தத்துக்குக் காற்று போதாமல் போகிறதோ என்று நினைத்தார். அதே 1883இல் லண்டனில் பீலிக்ஸ் சேமன் என்ற தொண்டை மருத்துவர் எழுந்து, இது தைரொய்ட் இல்லாமல் போனதால் வருவது, மலைப்பள்ளத்தாக்குப் பிள்ளைகளின் குறையும் இங்கிலாந்தில் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரும் ஒருவகை வீக்கமும் இதுவும் எல்லாம் ஒன்றுதான் என்றார். சிரித்தார்கள். பிறகு ஒரு குழு போட்டு ஆராய்ந்து, 1888இல் அவர் சொன்னது சரி என்று அறிக்கை வந்தது. அதுவரைக்கும் தைரொய்ட் எதற்கு இருக்கிறது என்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

எதற்கு என்று தெரிந்தபின் அடுத்த படி சுலபமாகத் தோன்றும்: இல்லாததைக் கொடு. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைரொய்டைப் பிழிந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியால் ஏற்றினார். வீங்கி, மந்தமாகி இருந்தவர் சில மாதங்களில் பழையபடி ஆனார். அடுத்த வருடமே ஊசி தேவையில்லை, வாயால் சாப்பிட்டாலும் வேலை செய்யும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த அம்மா 74 வயதுவரை இருந்தார். அவருக்காக எண்ணூறுக்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1914 நத்தார் தினத்தன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வேர்ட் கென்டல் அந்த ஹோர்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 33 கிராம் எடுக்க அவருக்கு மூன்று தொன்னளவு பன்றித் தைரொய்ட் தேவைப்பட்டது. 1927இல் லண்டனில் சார்ள்ஸ் ஹறிங்ரன் அதை ஆய்வுகூடத்திலேயே செய்தார்.

இப்போது நான் தினமும் விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை விழுங்குகிறேன். 125 மைக்ரோகிராம். அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. பாலும் கோப்பியும் கல்சியம், இரும்புக் குளிசைகளும் அது உடம்பில் சேர்வதைக் குழப்பும். எங்கள் வீட்டில் இதுதான் பெரிய சண்டை. எழும்பினவுடன் பால்தேத்தண்ணி கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு அன்றைய நாள் தொடங்காது. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ இதே குளிசையை விழுங்குபவராக இருக்கக்கூடும், ஒருக்கால் எட்டிப் பாருங்கள். இது இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு கிழமை பிடிக்கும். அதனால் ஒரு நாள் மறந்தால் ஒன்றும் ஆகாது. சில மாதம் மறந்தால் மரிக்கு வந்ததுதான் வரும்.

சரி, ஒப்பரேசனுக்குத் தயாராவது. இன்றைக்கு அது சலிப்பான வேலை: இரத்தப் பரிசோதனை, மூக்கால் ஒரு மெல்லிய கமராவை விட்டுக் குரல்நாண்கள் அசைவதைப் பார்ப்பது, படிவங்கள், நடுச்சாமத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. அந்தக் காலத்தில் தயார்ப்படுத்தல்தான் உயிர் போகும் இடம். தைரொய்ட் அளவுக்கு மீறி வேலை செய்யும் நோயாளர்களுக்கு, வெட்டிய அதிர்ச்சியில் ஹோர்மோன் பொங்கி, இதயம் கட்டுக்கடங்காமல் ஓடி, காய்ச்சல் ஏறி, அடுத்த நாளே இறப்பார்கள். பயமே அதைத் தூண்டும் என்று நம்பினார் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜோர்ஜ் கிரைல். அதனால் ஒப்பரேசன் எந்த நாள் என்று நோயாளிக்குச் சொல்லவே மாட்டார். தினமும் காலையில் மயக்க மருந்து மாதிரி எதையோ மணக்கக் கொடுப்பார்கள், இது சிகிச்சையின் ஒரு பகுதி என்று. ஒரு நாள் உண்மையாகவே மயக்க மருந்து. நோயாளி கண் விழிக்கும்போது கழலை இல்லை. ‘கழலையைத் திருடுவது’ என்று அதற்குப் பெயர். உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனாலும் என்னிடம் கேட்காமல் என் கழுத்தில் கை வைத்தால் நான் சும்மா இருப்பேனா?

இந்தத் திருட்டைத் தேவையில்லாமல் ஆக்கியவர் மேயோவின் ஹென்றி பிளம்மர். 1922இல், ஒப்பரேசனுக்கு முந்தின நாட்களில் அயடீன் கரைசலைச் சில துளிகள் கொடுத்தால் சுரப்பி தற்காலிகமாக அடங்கும் என்று காட்டினார். சாவு எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. பிளம்மர் மீது எனக்குத் தனிப் பாசம். அவர் மருத்துவர் உடுப்புப் போட்ட பொறியியலாளர். 1907இல், ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனிக் கொப்பி வைத்திருந்த காலத்தில், ஒரு நோயாளிக்கு ஒரு எண், ஒரு கோப்பு, அது எங்கும் பின்னால் போகும் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தவர் அவர். நான் சம்பளம் வாங்கும் வேலை ஏறத்தாழ அதே வேலைதான், கடதாசிக்குப் பதில் கணினியில்.

கோஹரிடமே ஒரு புகழ்பெற்ற நோயாளி வந்தார். 1913 கோடையில், ரஷ்யப் புரட்சிக்கு நான்கு வருடங்களுக்கு முன், லெனின் தன் மனைவி நதியெஷ்தா குரூப்ஸ்காயாவைப் பேர்ணுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்குத் தைரொய்ட் மிகையாக வேலை செய்யும் நோய். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்க, கோஹர் இவர்களையும் காத்திருக்க வைத்தார். லெனினுக்கு எரிச்சல். ஒருவழியாக ஜூலையில் ஒப்பரேசன் நடந்தது. முழு மயக்கம் இல்லாமல், ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். பிறகு கடும் காய்ச்சல். பிழைத்துக்கொண்டார். கோஹருக்கு அப்போது 71 வயது.

முழு மயக்கம் கொடுக்காமல் இடத்தை மட்டும் மரக்கச் செய்து வெட்டுவதைக் கோஹர் விரும்பியதற்கு ஒரு காரணம், நோயாளி பேசிக்கொண்டிருக்கலாம் என்பது. தைரொய்டின் முதுகுப்பக்கத்தை ஒட்டி, இரு பக்கமும், குரல்நாண்களுக்குப் போகும் மெல்லிய நரம்பு ஓடுகிறது. 1,800 வருடங்களுக்கு முன் ரோமில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் அலறிக்கொண்டிருந்த ஒரு பன்றியின் அந்த நரம்பை அறுத்தார். பன்றி தொடர்ந்து துள்ளியது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. எனக்குப் பயம் இதில்தான். ஒப்பரேசனுக்கு முதல்நாள் என் பெரியம்மாவின் பேத்தி, பதினான்கு வயது, தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, உங்கட குரல் போயிடுமோ?” நான் கதைத்துத்தான் சம்பாதிக்கிறேன், கூட்டத்துக்கு மேல் கூட்டம். “சின்ன வாய்ப்பு இருக்கு” என்றேன். அவளுக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை. இப்போது தொண்டைக்குள் விடும் குழாயில் மின்வாய்கள் இருக்கின்றன. மருத்துவர் நரம்பைத் தொட்டுப் பார்க்கும்போது குரல்நாண் தசை அசைந்தால் கருவி ‘பீப்’ என்கிறது. கண் விழித்ததும் தாதி என் பெயரைச் சொல்லச் சொன்னா. தவளைக் குரலில் சொன்னேன். அந்த இரண்டு எழுத்துகளுக்காக எனக்கு அழுகை வந்தது.

தவளைக் குரல் பத்து நாட்கள் இருந்தது. தொண்டையில் குழாய் இருந்ததால் விழுங்க நோ. கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்க வைத்திருந்ததால் பிடரி நோ, அது வெட்டுக் காயத்தை விட மோசம். அம்மா கஞ்சி, புட்டைப் பாலில் குழைத்தது, பிறகு மெல்ல மெல்லச் சோறு என்று தந்தா. இரண்டு மூன்று கிழமைக்குப் பாரம் தூக்கவில்லை. தழும்பில் வெயில் படவிடக் கூடாது.

வைத்தியசாலையில் இருந்த நாட்களில் ஆறு மணித்தியாலத்துக்கொரு தடவை ஒரே கேள்வி: விரல் நுனி, உதட்டைச் சுற்றி விறைக்கிறதா, ஊசி குத்துகிறமாதிரி இருக்கிறதா? இந்தக் கேள்வி பில்றோத்தின் நோயாளர்களிடம் இருந்து வருகிறது. தைரொய்டின் பின்னால் அரிசிமணி போல நான்கு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்தது மனிதரில் இல்லை, காண்டாமிருகத்தில். லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுபோயிருந்த காண்டாமிருகம் 1849இல் இறந்தது. ரிச்சர்ட் ஓவன் அதை அறுத்துப் பார்த்தபோது தைரொய்டில் ஒட்டியிருந்த ஒரு சின்ன மஞ்சள் உருண்டையைக் குறித்துவைத்தார். 1880இல் சுவீடனில் இவார் சாண்ட்ஸ்றொம் அவற்றை மனிதரில் விவரித்துப் பராதைரொய்ட் என்று பெயர் வைத்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரத்தத்தில் கல்சியம் எவ்வளவு என்று பார்ப்பது அவற்றின் வேலை, அவை போனால் கல்சியம் விழுந்து கைகால் இழுக்கும் என்பது 1909இல்தான் தெளிவாகியது. எனக்கும் இரண்டாம் நாள் இரவு விரல்கள் விறைத்தன. கல்சியக் குளிசை தந்தார்கள், ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அதே விறைப்பு 1870களில் வந்திருந்தால் அதன் பெயர்கூட யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியாக, கோஹரின் வேலையில் பெரும்பகுதியை இல்லாமல் ஆக்கியது எது என்று சொல்ல வேண்டும். கத்தி இல்லை, உப்பு.

அயடீன் கழலையைக் குறைக்கும் என்று ஜெனீவாவின் கோயந்தே என்ற மருத்துவர் 1820இலேயே சொல்லியிருந்தார். ஆனால் அளவு மீறிக் கொடுத்துப் பலருக்கு இதயப் படபடப்பு வந்ததால் கெட்ட பெயர் வந்துவிட்டது. கோஹரும் அயடீன் பற்றி எச்சரித்தவர்களில் ஒருவர். 1918இல், அவர் இறந்ததற்கு அடுத்த வருடம், வலே மாநிலத்து மலை மருத்துவர் ஒட்டோ பயார்ட், கோவேறு கழுதை மட்டுமே போகக்கூடிய கிரேகென் என்ற கிராமத்தில் சில குடும்பங்களின் உப்பில் மிக மிகச் சிறிய அளவு அயடீனைக் கலந்து கொடுத்தார். சில மாதங்களில் பிள்ளைகளின் கழுத்துகள் சிறுத்தன. யாருக்கும் கெடுதல் வரவில்லை. வடகிழக்கே அப்பென்செல்லில் ஹான்ஸ் எக்கன்பேர்கர் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் பேசி மக்களைத் திரட்டி, 1922இல் அந்த மாநிலம் அயடீன் உப்பை விற்கும்படி செய்தார். மேயோவில் பிளம்மர் அயடீன் துளிகளைக் கொடுத்த அதே வருடம். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. ஒரு தலைமுறைக்குள் கழலைக் கழுத்துகள் புகைப்படங்களில் மட்டும் மிஞ்சின. இலங்கையில் அயடீன் உப்பு கட்டாயமானது 1995இல், எங்கள் அம்மா அப்பாமார் அங்கேயிருந்து வெளிக்கிட்டதற்குப் பிறகு.

என் கட்டிகளுக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். எல்லாக் கட்டியும் அயடீனால் வருவதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு சமையலறை அலுமாரியைத் திறந்து பார்த்தேன். ஜூராசெல் உப்புப் பெட்டி ஒன்று, அதில் ‘யோட்’ என்று ஜெர்மன் மொழியில் அயடீன் போட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தமிழ்க்கடையில் வாங்கின இளஞ்சிவப்பு இந்துப்புப் பொட்டலம், அதில் அயடீன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மா ஒரு வருடமாக அதைத்தான் கறிக்குப் போடுகிறா, உடம்புக்கு நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினதால். இப்போது பெட்டி உப்பு முன்னுக்கும் பொட்டலம் பின்னுக்கும் இருக்கிறது. அம்மா இன்னும் கவனிக்கவில்லை.